பின்பக்கத்தில் எழுதுகிறவர்கள்

திருநெல்வேலி வேய்ந்தான்குளம் பஸ் நிலையத்தில் கோவில்பட்டி பஸ் ஏறினேன். கங்கைகொண்டான் தாண்டியதும் பச்சை பின்தங்கிவிட்டது. கயத்தாறு போவதற்குள் ஜன்னல் இரண்டு பக்கமும் கரிசல். இடைசெவலில் இறங்கிக்கொண்டேன்.

1923 செப்டம்பரில், சில நாள் இடைவெளியில், இந்தச் சின்ன ஊரில் இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். கி. ராஜநாராயணன் உழவு பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை, கு. அழகிரிசாமி பொற்கொல்லர் வீட்டுப் பிள்ளை. இருவரும் எழுத்தாளர்கள் ஆனார்கள், இருவருக்கும் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. அழகிரிசாமிக்கு 1970இல், அவர் மறைந்த பிறகு, கி.ரா.வுக்கு 1991இல். முப்பது வயதைக் கடந்தபிறகே எழுத வந்தவர் கி.ரா. உழவும் விதைப்பும் பார்த்த கையால் எழுதினார். அந்தத் தெருவில் நின்றபோது, இன்று எழுதிக்கொண்டிருக்கும் இளையவர்களின் நாள் எப்படிக் கழிகிறது என்று பார்க்கவேண்டும் போலிருந்தது. அதற்குத்தான் கோவில்பட்டிக்குப் போனேன்.

நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைய வந்த கொண்டையராஜு தங்கிவிட்ட ஊர் அது. அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் காலண்டர்களில் ஏறித் தமிழ்நாட்டு வீடுகளுக்கெல்லாம் போனார்கள். அதே ஊரில் ஒரு தம்பியைச் சந்தித்தேன். சுவர் விளம்பரமும் கடைப் பலகையும் எழுதியவர். ஃபிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலைத் தின்றுவிட்டது. இப்போது கோயில் கொடைத் திருவிழாவுக்கு வர்ணம் பூசுகிறார், பள்ளிக்கூடச் சுவரில் திருக்குறள் எழுதுகிறார். அரசு ஓவியக் கல்லூரிக்குச் சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ போகவேண்டும். வீட்டில் அதற்கு வழியில்லை.

“அண்ணாச்சி, இதைப் பாருங்கள்” என்று கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கட்டுத் தாளை இழுத்தார். அச்சில் கெட்டுப்போன தீப்பெட்டி லேபிள் தாள்கள். அவற்றின் பின்பக்கம் முழுக்கக் கரியால் வரைந்த ஓவியங்கள். தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கும் இரண்டு கைகள் ஒன்றில் இருந்தன, அம்மாவின் கைகள். கட்டைவிரல் நகம் தேய்ந்து சதையோடு ஒட்டியிருந்தது. தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கத்து லேபிளின் சிவப்பு அந்த உள்ளங்கையில் தெரிந்தது. நான் வெகுநேரம் அதைக் கீழே வைக்கவில்லை.

மாலையில் திருநெல்வேலி திரும்பிவிட்டேன். டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணைப் பார்க்கவேண்டியிருந்தது. சிற்றிதழில் அவர் கவிதைகள் மூன்று வந்திருக்கின்றன. கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. ஆனாலும் பண்டிகை நாட்களில் உட்கார நேரம் ஏது என்கிறார். சாப்பாட்டு இடைவேளையில், கிழிந்த பில் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறார். நான்கு வரி சேர ஒரு வாரமாகும்.

இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதும்போது ‘ஓய்வு நேரத்தில் கவிதை எழுதுபவர்’ என்று போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. எந்த ஓய்வு? எழுத்தாளர் வண்ணதாசன்கூட வங்கி வேலைக்கு நடுவேதான் எழுதினார். ஆனால் மாதச் சம்பளமும் நாற்காலியும் உள்ள வேலை வேறு, பத்து மணி நேரம் நிற்கிற வேலை வேறு. இந்தப் பெண் ஒரு வரி எழுதத் தன் சோற்று நேரத்தைக் கொடுக்கிறார். அதைக் கணக்கில் எடுக்காமல் அவர் கவிதையைப் படிக்க என்னால் முடியாது.

ரதவீதி ஓரத்தில் நின்றபடி ஒரு கவிதையைக் காட்டினார்.

“மடிப்புக் கலையாமல் கட்டு என்பாள் அம்மா.
ஊரார் கலைத்ததையெல்லாம் மடித்து முடிக்க
இரவு ஒன்பதரை ஆகிறது.”

அந்தக் காகிதத்தை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். “ஒரு நிமிடம் அண்ணாச்சி” என்று பையிலிருந்து இன்னொரு பில்லை எடுத்து, சுவரில் வைத்து, மூன்று வரிகளையும் நிதானமாகப் பார்த்து எழுதினார். முதல் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நகலை என்னிடம் தந்தார். முன்பக்கத்தில் இரண்டு ரவிக்கைத் துணிக்கான கணக்கு இருந்தது.