நீட் உயிரியல்: நீலத் திமிங்கலத்தையும் செக்கோயாவையும் ஒரே தாளில் படியுங்கள்

நீட் தேர்வு முடிவு வந்துவிட்டது, நிம்மதி. சூடு ஆறுவதற்குள் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: 11-ஆம் வகுப்பு என்சிஇஆர்டி பாடநூலில் ஒரே வரியில் வந்துபோகும் பெயர்களைத் தாண்டிப் போகாதீர்கள். பாலூட்டிகளில் பெலனாப்டெரா (நீலத் திமிங்கலம்), ஜிம்னோஸ்பெர்ம்களில் (விதை மூடப்படாத தாவரங்களில்) செக்கோயா என்ற மாபெரும் மரம். பொருத்துக, கூற்று–காரணம் இரண்டுக்கும் இவை வசதியான தீனி.

ஒரு தாளை நடுவே மடித்து இருபுறமும் எழுதுங்கள்:

- திமிங்கலம்: நான்கறை இதயம், நுரையீரல், வெப்ப இரத்தம், குட்டி ஈனும். செவுள் என்று விடைத் தெரிவு இருந்தால் உடனே அடித்துவிடலாம்.
- செக்கோயா: சைலத்தில் (நீர் கடத்தும் திசுவில்) டிரக்கீடுகள் உண்டு, சைலக்குழாய்கள் இல்லை. ஃபுளோயத்தில் (உணவு கடத்தும் திசுவில்) சல்லடைச் செல்களும் அல்புமினஸ் செல்களும், துணைச்செல்கள் கிடையாது.
- அங்கே இதயம் தள்ளுகிறது. இங்கே நீராவிப்போக்கு இழுக்கிறது. 100 மீட்டருக்கு மேல் நீர் ஏறுவதற்கு வேர் அழுத்தத்தைக் காரணமாகக் காட்டும் கூற்று தவறு.

இனி கருவூண்திசு (endosperm), அதாவது வளரும் கருவுக்கு உணவு தரும் திசு. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்கக்கூடாது. செக்கோயாவில் இரட்டைக் கருவுறுதல் இல்லை. கருவுறுதலுக்கு முன்பே பெண் கேமீட்டகத் தாவரமாக உருவாகிவிடுவதால் அதன் கருவூண்திசு ஒற்றைமடியம் (உடல் செல்லில் உள்ளதில் பாதி குரோமோசோம்). நெல், தென்னை படித்த பழக்கத்தில் கை தானாக மும்மடியத்தை நோக்கிப் போகும். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிவு, கிடைக்க வேண்டிய நான்கும் போச்சு. ஆக ஐந்து இழப்பு.

எண்களோடு பழகினால் மனத்தில் நிற்கும். நீலத் திமிங்கலத்தின் உடல் செல்லில் 44 குரோமோசோம், விந்தணுவில் 22. ராட்சத செக்கோயாவின் உடல் செல்லிலேயே 22, கருவூண்திசுவில் 11. அதே 22, ஓரிடத்தில் ஒற்றைமடியம், இன்னோரிடத்தில் இரட்டைமடியம்! கடலோர ரெட்வுட் அறுமடியம்: உடல் செல்லில் 66, கருவூண்திசுவில் 33. இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். பாதியாக்கும் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வினாவில் தந்த எண் எந்தத் திசுவுக்கு உரியது என்று அடிக்கோடிட்ட பிறகுதான் கணக்கு.

இன்னொரு குழப்பம்: உயரத்தில் முதலிடம் கடலோர ரெட்வுட்டுக்கு (சுமார் 116 மீட்டர்). ஜெனரல் ஷெர்மன் என்ற புகழ்பெற்ற மரம் ராட்சத செக்கோயா, உயரம் 84 மீட்டர்தான். அதன் பெருமை தண்டின் கன அளவில். திமிங்கலமோ 30 மீட்டர்.

தமிழ்வழி மாணவர்களுக்கு: கருவூண்திசு, முளைசூழ்தசை என்று சொல் மாறி வந்தால் தடுமாற வேண்டாம். வினாத்தாளிலேயே இருக்கும் ஆங்கில வடிவத்தைப் பாருங்கள். ஐயம் எழுந்தால் அதுதான் இறுதி.