ஸ்கீ பிரஸ்ஸில் ஹோஸ் எங்கே இழுபடுகிறது?

பனிச்சறுக்குப் பலகையான ஸ்கீயின் அடுக்குகளை அழுத்தி ஒட்டும் கருவி ஸ்கீ பிரஸ். வீட்டில் கட்டும் காற்றழுத்த ஸ்கீ பிரஸ்களில் பெரும்பாலும் ஒரே ஏற்பாடுதான்: மேலும் கீழும் இரும்பு உத்திரம், நடுவில் அச்சு, அச்சுக்கு மேல் இரு முனையும் கிளாம்ப் பட்டைகளால் நெரித்து அடைத்த தீயணைப்பு ஹோஸ். காற்று ஏறினால் ஹோஸ் உப்பி, எப்பாக்ஸி பிசின் தடவிய அடுக்குகளை அழுத்தும். வழக்கமாக 40 முதல் 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). ஹோஸ் தாங்கும் அழுத்தமோ இதைவிடப் பல மடங்கு. பிறகு ஏன் அது நீள்கிறது, கிளாம்பிலிருந்து நழுவுகிறது?

ஹோஸின் நெய்த துணியில் பாவு நூல் நீளவாக்கில் ஓடும், ஊடை நூல் சுற்றிவரும். ஊடை ஏறக்குறைய நேராகக் கிடக்க, பாவு அதன் மேலும் கீழும் நெளிந்து போகும். நீளவாக்கில் இழுத்தால் முதலில் நிமிர்வது அந்த நெளிவு. அதற்குச் சிறு விசையே போதும். நெளிவு தீர்ந்த பிறகுதான் நூலே நீளும், அப்போது துணி விறைத்துவிடும். புது ஹோஸ் முதல் தடவை அதிகம் நீண்டு, பிறகு அடங்குவது இதனால்தான்.

ஆனால் துணி மீது விழும் இழுவிசையை பிஎஸ்ஐ மட்டும் முடிவு செய்வதில்லை. அழுத்தத்தை, ஹோஸுக்கு மேலும் கீழும் உள்ள பரப்புகளுக்கு நடுவிலான இடைவெளியின் (திறப்பின்) பாதியால் பெருக்கினால்தான் சுற்றுவாக்கு இழுவிசை வரும். 50 பிஎஸ்ஐ, 5 செ.மீ. இடைவெளி என்றால் ஒவ்வொரு செ.மீ. நீளத்துக்கும் சுமார் 9 கிலோ. இடைவெளியை 2 செ.மீ. ஆக்கினால் மூன்றரை கிலோதான். அழுத்தும் அகலமும் கூடும்: 6 அங்குல ஹோஸ் தட்டையாக 24 செ.மீ.; 5 செ.மீ. திறப்பில் 16 செ.மீ. மட்டுமே தொடும், 2 செ.மீ. திறப்பில் 21. ஆகவே தடித்த ஹோஸ் தேடி அலைவதைவிட, அச்சுக்கு அடியில் பலகை வைத்து இடைவெளியைக் குறைப்பதே மேல்.

உண்மையான தொல்லை முனைகளில். அச்சு முடிந்து கிளாம்ப் தொடங்கும் வரை தாங்கல் இல்லாவிட்டால் ஹோஸ் அங்கே வட்டமாக உப்பப் பார்க்கும். முழு வட்டமானால் அதே 50 பிஎஸ்ஐ-யில் செ.மீ.க்கு 27 கிலோ, முனையைத் தள்ளும் விசை 640 கிலோ! நடுவில் பலகையின் உராய்வு பாவைப் பிடித்து நிறுத்தும். இங்கே அதுவும் இல்லை. எனவே மேல், கீழ் பலகைகளைக் கிளாம்ப் வாய்வரை நீட்டுங்கள்.

கிளாம்ப் போல்ட்டுக்காகத் துணியில் துளை போடாதீர்கள். அறுந்த பாவு நூல்கள் சுமை தாங்காது, துளை நீளவாக்கில் கிழிந்து வரும். போல்ட்டைத் துணி விளிம்புக்கு வெளியே வைத்தால் கிளாம்ப் பட்டை நடுவில் வளைந்து காற்று கசியும். அதனால் தட்டைப் பட்டைக்குப் பதில் ஆங்கிள் இரும்பு (L வடிவக் கம்பி).

முதல் சோதனை தண்ணீரில்தான். 2 மீட்டர் ஹோஸில் 5 செ.மீ. திறப்பில் சுமார் 20 லிட்டர் அடங்கும். அத்தனை அழுத்தக் காற்று பிய்த்துக்கொண்டால் வெடிப்பு, தண்ணீர் என்றால் வெறும் நனைதல். உள்ளிருக்கும் காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டு, வேலை இடைவெளியிலேயே 10 பிஎஸ்ஐ வீதம் ஏற்றி, வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கில் 10 நிமிடம் நிறுத்துங்கள். முன்பே ஹோஸின் ஓரத்தில் 1 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு, கிளாம்ப் விளிம்பை ஒட்டி ஒரு கோடு மார்க்கரால் போட்டிருக்க வேண்டும். மீட்டர் கோடுகள் விலகினால் துணி நீண்டிருக்கிறது. கிளாம்ப் கோடு வெளியே நகர்ந்து வந்தால் அது நீட்சி அல்ல, நழுவல். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இரண்டாம் ஏற்றத்தில் வரும் நீளத்தையே கணக்கில் எடுங்கள். அந்த நீளம் கிளாம்புகளுக்கு நடுவே உள்ள இடத்தைவிட அதிகமானால் ஹோஸில் மடிப்பு விழும். மடிப்புக்கு அடியில் அழுத்தம் குறைந்து, ஸ்கீயில் பிசின் தேங்கிய கோடு தெரியும்.

சூடேற்றும் பிளாங்கெட் இருந்தால் அதற்கும் ஹோஸுக்கும் நடுவே ஒட்டுப்பலகை கட்டாயம். 70–80 டிகிரி செல்சியஸ் சுற்றில் ஹோஸ் துணியின் பாலியெஸ்டர் நூல் விறைப்பை இழந்து, சுமையில் மெல்ல நீண்டுகொண்டே போகும். உள்ளே அடைபட்ட காற்றும் விரியும்: 20 டிகிரியில் 50 பிஎஸ்ஐ வைத்து வால்வை மூடினால், காற்று முழுதும் 80 டிகிரி ஆகும்போது 63 பிஎஸ்ஐ. வால்வை மூடிவிட்டுப் போகாமல், மிகை அழுத்தத்தைத் தானே வெளியேற்றும் ரெகுலேட்டரோடு இணைத்தே வையுங்கள்.