மேட்டுக்கு மேல் மேட்

இன்று கண்ணில் பட்ட ஒரு கார். ஓட்டுநர் காலடியில் பழைய மேட்டை (கால்மிதி விரிப்பை) எடுக்காமல், அதன் மேலேயே தடிமனான ரப்பர் மேட். கொக்கியில் மாட்டவும் இல்லை.

ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்தினால் பெடலின் நுனி மேட்டின் விளிம்பில் போய் மாட்டிக்கொள்கிறது. காலை எடுத்தாலும் எழவில்லை.

2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியாகோ அருகே டொயோட்டாவின் லெக்சஸ் இஎஸ் 350 காரில் நாலு உயிர் போனதும் இப்படித்தான். வேறு மாடலுக்கான மேட்.

அதன் பிறகுதான், டொயோட்டா கார்கள் தானாகச் சீறுவது ‘டிரைவர் தப்பா, எலக்ட்ரானிக்ஸ் தப்பா’ என்ற சண்டை சூடுபிடித்தது. மின்னணுக் கோளாறுதான் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது 2011இல் வந்த நாசா ஆய்வு. ஆனால் அதே ஆய்வு, பெடல் சென்சாருக்குள் ஷார்ட் சர்க்யூட் ஆக்கக்கூடிய வெள்ளீயம் மயிரிழை போல வளர்ந்திருந்ததையும் பதிவு செய்தது. 2013இல் ஓக்லஹோமா ஜூரி, 2005 கேம்ரி காரின் மென்பொருளைக் குறைசொன்ன வழக்கில் டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. மேட், கால், மென்பொருள் மூன்றையும் தனித்தனியாகத்தான் பார்க்கவேண்டும்.

வண்டி சீறினால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள். த்ராட்டில் (இன்ஜினுக்குக் காற்று விடும் வால்வு) திறந்திருக்கையில் பெட்ரோல் இன்ஜினில் பிரேக்குக்குத் துணை நிற்கும் வேக்குவம் (வெற்றிட உறிஞ்சல்) இருக்காது. சில மிதியிலேயே பிரேக்கை லேசாக்கும் பூஸ்டர் காலி, பெடல் கல்லாகிவிடும்.

ஒரே அழுத்து. விடாமல். கூடவே நியூட்ரல். இன்ஜின் அலறினால் அலறட்டும்.

சாவியை மட்டும் லாக் வரை திருப்பாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.