மொய் நோட்டும் பப்புவா நியூ கினியும்

பேராவூரணிப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பல நாடுகளில் நடக்கும் ஒரு கருத்துக்கணிப்பின் கேள்வித்தாளை வாசித்துக்கொண்டிருந்தேன். "பொதுவாகப் பெரும்பாலான மனிதர்களை நம்பலாம் என்று நினைக்கிறீர்களா?" ஆங்கிலக் கேள்வியைத் தமிழாக்கியது நான்தான். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அந்த அப்பத்தா கேட்டார்: "எதுக்கும்மா நம்பணும்? கடன் குடுக்கவா, பொண்ணு குடுக்கவா?"

தாளில் மூன்றே கட்டங்கள்: நம்பலாம், நம்பக் கூடாது, தெரியாது. 'தெரியாது' என்பதில் டிக் அடித்துவிட்டு வந்தேன். அவருக்கா தெரியாது?

அன்று பஸ்ஸில் வரும்போது, கல்லூரியில் படித்த ஒரு விளையாட்டு நினைவுக்கு வந்தது. உங்கள் கையில் 100 ரூபாய். முகம் தெரியாத ஒருவரோடு பங்கிட வேண்டும். அவர் ஏற்றால் இருவருக்கும் பணம். வேண்டாம் என்றால் இருவருக்கும் பூஜ்யம். பொருளாதாரப் பாடப்புத்தகக் கணக்குப்படி ஒரு ரூபாய் நீட்டினாலும் அவர் வாங்கிக்கொள்ள வேண்டும். 1982இல் ஜெர்மனியில் இதை ஆடிப் பார்த்தபோது அப்படி நடக்கவில்லை. பிறகு ஆடிய பல நாட்டு மாணவர்களும் கிட்டத்தட்டப் பாதியை நீட்டினார்கள். அற்பத் தொகை வந்தால் பணமே வேண்டாம் என்றார்கள். நியாய உணர்வு மனித இயல்பு என்று பலரும் முடிவுகட்டினார்கள்.

1990களின் நடுவில் ஜோசஃப் ஹென்ரிக் என்ற மானுடவியல் மாணவர் இதே விளையாட்டைப் பெருவின் அமேசான் காட்டுக்குக் கொண்டுபோனார். மச்சிகெங்கா மக்கள் சராசரியாக நீட்டியது 26 சதவீதம்தான். மறுத்தவர்களும் அநேகமாக இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் மாணவர்களிடம் அது 48. அப்புறம் மானுடவியலாளர்களும் பொருளாதார அறிஞர்களும் சேர்ந்து 15 சிறு சமூகங்களில் ஆடிப் பார்த்தார்கள். அந்தந்த ஊரில் வருடக்கணக்காகப் பழகியவர்களே விளையாட்டை நடத்தியதுதான் எனக்குப் பிடித்த விஷயம். இந்தோனேசியாவின் லமலேராவில் திமிங்கிலம் வேட்டையாடிப் பங்கு போடுகிறவர்கள் பாதிக்கும் மேலேயே கொடுத்தார்கள்.

பப்புவா நியூ கினியில் ஔ, க்னௌ மக்களிடம் நடந்தது வேறு. பாதிக்கு மேல் நீட்டினாலும் சிலர் வேண்டாம் என்றார்கள்! அங்கே கேட்காமல் வரும் பரிசும் கடன்தான். கொடுத்தவர் கேட்கும் நேரத்தில் திருப்ப வேண்டும். அதுவரை அவருக்குக் கீழேதான்.

இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. எங்கள் பக்கம் ஆடியில் மொய் விருந்து. நாங்கள் 500 செய்திருந்த ஒருவர் எங்கள் விருந்தில் 5,000 எழுதிவிட்டுப் போனார். அம்மா அன்று ராத்திரி மொய் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு தூங்கவேயில்லை. "எதுக்கு இவ்வளவு செஞ்சாங்க? நாம எப்பத் திருப்பிச் செய்யறது?" பெருந்தன்மை என்ற கட்டத்தில் அந்த 5,000த்தைப் போட்டால் அம்மா சிரிப்பார்.

கென்யாவின் ஓர்மா மக்கள் இன்னும் கெட்டி. பொதுப் பானையில் பணம் போடும் வேறொரு விளையாட்டை விளக்கியதும், "இது ஹராம்பே" என்று அவர்களே பெயர் வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் கட்ட ஊர் கூடி வசூல் போடுவதற்கு அங்கே அதுதான் பெயர். தாராளமாகவும் போட்டார்கள்.

அடுத்த சுற்றுக் கேள்வித்தாளில், 'எதற்கு என்று திருப்பிக் கேட்டார்களா?' என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி எழுதினேன். மற்ற நாடுகளோடு ஒப்பிட முடியாமல் போய்விடும் என்று பதில் வந்தது. அதுவும் நியாயம்தான், எல்லா ஊரிலும் ஒரே விளையாட்டை ஆடியதால்தானே 26ஐயும் 48ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. சரி, ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்கிறேன்.