சரக்குக் கம்பெனியில் கார்பன் கணக்கு எழுதிய கதை

எங்கள் கம்பெனி ஃபார்வர்டிங் (வாடிக்கையாளரின் சரக்கை மற்றவர்களின் கப்பலிலும் விமானத்திலும் அனுப்பி வைக்கும் வேலை), சொந்த லாரிகள், கிடங்குகள், கூடவே சில கப்பல்கள் என்று எல்லாவற்றிலும் ஒரு கால் வைத்திருக்கும் ரகம். நிலைத்தன்மை அறிக்கை, அதாவது நம் வேலையால் எவ்வளவு கார்பன் வெளியாகிறது என்று கணக்குக் காட்டும் அறிக்கை, தயாரிக்கும் வேலை என்னிடம் வந்ததற்குக் காரணம், எந்த டேட்டா எந்த சிஸ்டத்தில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான். சுற்றுச்சூழல் பற்றி நான் எதுவும் படித்ததில்லை. இதே வேலையில் மாட்டியிருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

உமிழ்வை ஸ்கோப் என்று மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்: நாம் எரிக்கும் எரிபொருள் ஸ்கோப் 1, வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2, நமக்காக மற்றவர்கள் எரிப்பது ஸ்கோப் 3. கேட்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது. டைம் சார்ட்டரில், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு வாடகைக்கு, எடுத்த கப்பலை எதில் போடுவது? எரிபொருளுக்குக் காசு கட்டுவது நாம், எங்கே போக வேண்டும் என்று சொல்வதும் நாம், ஆனால் மாலுமிகளும் பராமரிப்பும் உரிமையாளருடையது. ஃபைனான்ஸ்காரர்கள் ஒன்று சொல்ல, கப்பல் பிரிவு வேறு சொல்ல, கடைசியில் எரிபொருள் பில் யார் பெயரில் வருகிறதோ அவர்கள் கணக்கு என்று முடிவு செய்து ஸ்கோப் 1-இல் போட்டோம். நீங்கள் வேறு மாதிரியும் முடிவெடுக்கலாம், ஆனால் காரணத்தை எழுதி வைத்துவிட்டு அடுத்த வருடமும் அதையே பின்பற்றுங்கள்.

கப்பல் கணக்குதான் கஷ்டமாக இருக்கும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். உண்மையில் அதுதான் சுலபம். 5,000 ஜிடிக்கு (கப்பலின் உள்ளளவைக் காட்டும் அளவு) மேற்பட்ட கப்பல்களின் எரிபொருள் விவரம் 2019 முதல் கொடி நாட்டின் (கப்பல் பதிவான நாட்டின்) வழியாக சர்வதேசக் கடல்சார் அமைப்பான ஐஎம்ஓவுக்குப் போகிறது, அதனால் நூன் ரிப்போர்ட் (கப்பலின் தினசரி அறிக்கை), பங்கர் டெலிவரி நோட் (எரிபொருள் ஏற்றிய ரசீது) எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. ஒரு டன் கனரக எரிபொருள் எரித்தால் 3.114 டன் கார்பன் டை ஆக்சைடு. பெருக்கினால் முடிந்தது. மாறாக, ஒப்பந்த லாரிக்காரர்களிடம் லோடுக்கு இவ்வளவு என்ற தொகை மட்டும்தான் இருந்தது. எத்தனை லிட்டர் என்று கேட்டால், டீசல் விலையை வைத்து வாடகையைக் குறைக்கத்தான் கேட்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது.

உமிழ்வில் பெரும்பங்கு ஃபார்வர்டிங்கில்தான், அதாவது மற்றவர்களின் கப்பலிலும் விமானத்திலும் நாம் அனுப்பும் சரக்கில். முந்தைய அறிக்கைகளில் இதற்குச் செலவு அடிப்படையிலான கணக்கு இருந்தது: கட்டிய கட்டணத்தை ஒரு காரணியால் பெருக்குவது. 2021-இல் கன்டெய்னர் கட்டணம் எகிறியது ஞாபகம் இருக்கும். அதே சரக்கு, அதே பாதை, ஆனால் காகிதத்தில் உமிழ்வு எகிறிவிட்டது. 2023-இல் கட்டணம் சரிந்ததும் நாங்கள் பெரிய சாதனையாளர்களாகத் தெரிந்தோம்! இதைத் தூக்கி எறிந்துவிட்டு, போக்குவரத்து உமிழ்வைக் கணக்கிடுவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 14083 சொல்கிற மாதிரி டன்-கிலோமீட்டர் (சரக்கின் எடை பெருக்கல் தூரம்) கணக்குக்கு மாறினோம்.

அங்கே வேறு சிக்கல். விமானச் சரக்கில் பில் போடுவது சார்ஜபிள் வெயிட்டுக்கு, அதாவது நிஜ எடை, அடைக்கும் இடத்தை வைத்துக் கணக்கிட்ட எடை இரண்டில் எது அதிகமோ அதற்கு. ஒரு கன மீட்டர் அடைக்கும் அட்டைப் பெட்டிகள் நிஜத்தில் 60 கிலோதான் இருந்தாலும் பில்லில் 167 கிலோ என்று நிற்கும். அதை எடுத்துப் பெருக்கினால் உமிழ்வு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. விமானச் சரக்கு ஆவணமான ஏர்வே பில்லில் இரண்டு எடையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருக்கும், ஆனால் எங்கள் பில்லிங் சிஸ்டத்துக்குள் வந்து சேர்ந்தது ஒன்றுதான், அதுவும் நமக்குத் தேவையில்லாதது. ஏர் டீமில் இருவர் உட்கார்ந்து பழைய ஏர்வே பில்களைப் புரட்டி கிராஸ் வெயிட்டை, அதாவது நிஜ எடையை, ஏற்றினார்கள். இந்த அறிக்கையில் யாருக்காவது நன்றி சொல்வதென்றால் அவர்களுக்குத்தான்.

தூரத்திலும் சண்டை. 2023 கடைசியிலிருந்து பல கப்பல்கள் செங்கடலைத் தவிர்த்து ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உள்ள நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. உண்மையில் ஓடிய தூரத்தை வைத்து வகுத்தால் டன்-கிலோமீட்டருக்கான உமிழ்வு அழகாகவே இருக்கும், ஏனென்றால் மேலே உமிழ்வும் கீழே தூரமும் சேர்ந்து கூடுகின்றன. ஆனால் வாடிக்கையாளரின் சரக்கு போய்ச் சேர்ந்த இடம் அதேதானே, சுற்றிப் போனதால் அதிகச் சேவை எதுவும் நடந்துவிடவில்லை. ஐஎஸ்ஓ முறை மிகக் குறுகிய சாத்தியமான தூரத்தையோ பெருவட்டத் தூரத்தையோதான் (பூமிப் பரப்பில் இரண்டு இடங்களுக்கு நடுவே நேராக அளக்கும் தூரம்) கேட்கிறது. அப்படிப் போட்டதும் எங்கள் எண் மோசமானது. மேலிடத்தில் முகம் சுருங்கியது, ஆனாலும் அந்த எண்தான் அறிக்கையில் போனது.

சிஐஐ, அதாவது கப்பல்களின் கார்பன் செறிவுக் குறியீட்டுத் தரம், பற்றி ஒரு புலம்பல். 2023 முதல் கப்பல்களுக்கு ஏ (நல்லது) முதல் ஈ (மோசம்) வரை தரம். பெரும்பாலான சரக்குக் கப்பல்களுக்குக் கணக்கு என்னவென்றால், உமிழ்வைக் கப்பலின் கொள்ளளவாலும் ஓடிய தூரத்தாலும் வகுப்பது. உள்ளே சரக்கு எவ்வளவு இருந்தது என்று அது கேட்பதே இல்லை. காலியாக நீண்ட தூரம் ஓடிய கப்பல் நல்ல பெயர் வாங்கும். எங்கள் கப்பல் ஒன்று நெரிசலான துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு வாரக்கணக்கில் ஜெனரேட்டரை ஓட்டிக்கொண்டு நின்றது, தூரம் கூடவில்லை, டி வாங்கியது. தொடர்ந்து மூன்று வருடம் டி, அல்லது ஒரே ஒரு வருடம் ஈ வாங்கினால் திருத்தத் திட்டம் கொடுக்க வேண்டும். அறிக்கையில் தரத்தை மட்டும் போடாமல் காத்திருந்த நேரத்தையும் சேர்த்துப் போட்டோம். சாக்குப்போக்கு என்று யாராவது சொல்வார்கள், சொல்லட்டும்.

அப்புறம் தணிக்கை. மொத்த எண்ணைப் பற்றித் தணிக்கையாளர்கள் அதிகம் கேட்கவில்லை. எக்செலில் ஏதோ ஒரு வரியைக் காட்டி "இதற்கு டீசல் பில் எங்கே?" என்றார்கள். பில் இருந்தது, ஆனால் தெர்மல் பேப்பர், லிட்டர் எண் மொத்தமாக மங்கிவிட்டது. ஃப்யூயல் கார்டு ஸ்டேட்மென்ட் கைகொடுத்தது. வாங்கிய அன்றே பில்லைப் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

கடைசிச் சண்டை ஒரே ஒரு வாக்கியத்துக்கு. மொத்த உமிழ்வு குறைந்திருந்தது, வரைவில் "எங்கள் முயற்சியால்" என்று எழுதி வந்தது. அந்த வருடம் சரக்கே குறைவு. டன்-கிலோமீட்டருக்கான உமிழ்வு கூடியிருந்தது. இரண்டு எண்ணையும் அடுத்தடுத்து வைத்து, சரக்கு குறைந்ததே காரணம் என்று எழுத வைக்க நிறைய மின்னஞ்சல் தேவைப்பட்டது.

இப்போது புக்கிங் திரையில் கிராஸ் வெயிட் இல்லாமல் சேவ் ஆகாது. லாரி ஒப்பந்தங்களில் மாதாமாதம் லிட்டர் கொடுக்க வேண்டும் என்று ஒரு ஷரத்து சேர்த்திருக்கிறோம். பாதிப் பேர் அனுப்புகிறார்கள், மீதிப் பேரைப் போனில் துரத்திக்கொண்டிருக்கிறேன்.