ஓரத்திலிருந்து படிக்க வேண்டிய கோப்புகள்

ஆப்கானிஸ்தான், இராக், கியூபாவில் அமெரிக்கத் தளம் இருக்கும் குவாண்டனாமோ ஆகிய இடங்களில் அமெரிக்க ராணுவம் பிடித்து வைத்தவர்களை எப்படி நடத்தியது, எப்படி விசாரித்தது என்ற பதிவுகளைக் கேட்டு, 2003 அக்டோபரில் ஏசிஎல்யு என்ற அமெரிக்கக் குடிமை உரிமை அமைப்பு தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் மனு போட்டது. கேட்டது வரவில்லை. 2004 ஜூனில் வழக்குப் போட்ட பிறகு, தவணை தவணையாக ஒரு லட்சம் பக்கங்களுக்கு மேல் வெளியே வந்தன.

இந்தக் கட்டுகளை எடுத்ததும் வாக்குமூலத்துக்குள் குதித்துவிடக் கூடாது. முதலில், அரசு மறைத்த இடத்தில் அடித்திருக்கும் கறுப்புப் பட்டையின் பக்கத்தில், மறைத்த காரணத்தைச் சொல்லும் சின்ன எழுத்தைப் பார்க்க வேண்டும். 'பி1' என்றால் தேசப் பாதுகாப்பு ரகசியம். 'பி5' என்றால் அதிகாரிகளுக்குள் நடந்த ஆலோசனை. 'பி6', 'பி7சி' இரண்டும் தனிமனித அந்தரங்கம். பெரும்பாலும் அங்கே மறைந்திருப்பது ஒரு பெயர்தான். பட்டையின் நீளத்தை வைத்துப் பெயரை ஊகிப்பது வீண் வேலை. அதைவிட, அதே தாள் வேறொரு தவணையில் வந்திருக்கிறதா என்று தேடலாம். ஒரு பிரதியில் அடித்தது இன்னொன்றில் அடிபடாமல் தப்பியிருக்கும். தேடுவதும் கண்ணால்தான். ஸ்கேன் செய்த தாளில், அதுவும் கையெழுத்தில், கணினித் தேடல் பாதிக்குப் பாதி ஏமாற்றும்.

ராணுவத்தின் சத்திய வாக்குமூலப் படிவம் எண் 2823. எத்தனையாவது பக்கம், மொத்தம் எத்தனை என்பது அதிலேயே இருக்கும். சொன்னவரின் முதலெழுத்துகளும் பக்கத்துக்குப் பக்கம் இருக்க வேண்டும். ஐந்து பக்கம் என்று போட்டு நான்குதான் கையில் இருந்தால், அந்த வாக்குமூலத்தை முழுசாக நம்பி எதையும் எழுதக் கூடாது.

இறப்புச் சான்றிதழில்தான் தமிழில் எழுதுகிறவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். 2002 டிசம்பரில் ஆப்கானிஸ்தானின் பாக்ராம் அமெரிக்கத் தளத்தில் இறந்த இரண்டு கைதிகளின் பிணக்கூறாய்வு முடிவு 'ஹோமிசைட்'. இதைக் 'கொலை' என்று எழுதினால் நீதிமன்றத் தீர்ப்பு போலத் தொனிக்கும். மருத்துவர் சொல்வது, இன்னொருவர் செயலால் நேர்ந்த சாவு என்பது மட்டும். குற்றம் யாருடையது என்பதல்ல. ஆனால் அதே சாவுகளை இயற்கை மரணம் என்று ராணுவத் தரப்பு முதலில் சொன்னதை நினைத்தால், அந்த ஒரு சொல்லின் கனம் தெரியும்.

அடுத்தது தேதி. குவாண்டனாமோவில் 063-ஆம் எண் கைதியின் விசாரணைக் குறிப்பேடு மணிக்கணக்குப்படி எழுதப்பட்டது. தொடக்கம் 2002 நவம்பர் 23. முடிவு 2003 ஜனவரி 11. நான்கு மணி நேரம் வரை நிற்க வைப்பது உள்ளிட்ட முறைகளுக்குப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் கையெழுத்திட்டது டிசம்பர் 2. தான் நாளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் நிற்பதாகவும், நான்கு மணி என்ற வரம்பு எதற்கு என்றும் கீழே கைப்பட ஒரு கேள்வி வேறு. ஜனவரி 15-இல் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றார்.

குறிப்பேடு, அனுமதித் தாள் இரண்டையும் அருகருகே வைத்தால் கையெழுத்துக்கு முன் ஒன்பது நாள் விசாரணை நடந்திருக்கிறது. அந்த ஒன்பது நாளுக்கு யார் வாய்மொழியாக என்ன சொன்னார்கள் என்பதை இந்த இரண்டு தாளில் தேடிப் பயனில்லை. பின்னால் நடந்த உள்விசாரணை அறிக்கைகளின் இணைப்புகளுக்குத்தான் போக வேண்டும்.