வி.யு.3 கிடைக்கும் வரை

ஹாம் ரேடியோ லைசென்ஸ் எடுப்பது எப்படி என்று ஆபீஸில் இதுவரை நாலு பேர் கேட்டுவிட்டார்கள். பொழுதுபோக்காக வீட்டிலிருந்தே ரேடியோவில் ஊர் ஊராய்ப் பேசுவதுதான் ஹாம் ரேடியோ, அப்படிப் பேசுபவர் ஹாம். நாலு பேரும் முதலில் கேட்டது பரீட்சையைப் பற்றித்தான். பரீட்சையெல்லாம் ஒரு விஷயமே இல்லை. என்னைப் பாடாய்ப் படுத்தியது என் இனிஷியல்.

நாங்கள் இருப்பது அல்சூரில், ஏரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி. எனக்கு பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. 2023 டிசம்பரில் பையனின் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அங்கே ஒரு பெரியவர் பழைய ரேடியோ செட் ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோவைக்காரர், எழுபதைத் தாண்டியவர். இன்றுவரை நாங்கள் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறோம். செட்டிலிருந்து கரகரவென்று யாரோ தமிழில், "இங்க மழை விட்டுடுச்சு, அங்க எப்படி?" என்றார். செல்போனில் தினமும் கேட்கிற பேச்சுதான். ஆனால் டவர் கிடையாது, சிம் கிடையாது, நடுவில் எந்தக் கம்பெனியும் கிடையாது என்று சார் சொன்ன பிறகு பையன் அந்த மேசையைவிட்டு நகரவில்லை.

"இதுக்கு எத்தன வயசு ஆகணும், தாத்தா?"

"பன்னெண்டு."

அந்த மாதம்தான் அவனுக்கு 12 முடிந்திருந்தது.

நான் மடங்கியது வேறொரு கதைக்கு. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாமும் அவர் குழுவும் அந்தமானிலிருந்து ரேடியோவில் பேசுவதற்கென்றே போர்ட் பிளேர் போயிருந்தார்கள். அந்தமான் ஹாம்களுக்கு லேசில் அகப்படாத இடம். ஊர் ஊராய்ப் பேசிக் கணக்கில் சேர்ப்பவர்கள் அதற்காகத் தவம் கிடப்பார்கள். அங்கே இருக்கும்போதுதான் சுனாமி வந்தது. போன் அறுந்துபோன தீவுகளிலிருந்து யார் பிழைத்தார்கள், எங்கே இருக்கிறார்கள் என்ற சேதியெல்லாம் அவர்கள் செட் வழியாகப் போனது. "நீங்களும் சேர்ந்து எழுதுங்கம்மா, பையனுக்கும் உங்களுக்கும் ஒரே படிப்புதான்" என்றார் சார்.

பெங்களூரில் இதற்குக் குறை இல்லை. இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஹாம்ஸ் வகுப்பு நடத்துகிறது, பழைய கிளப் இருக்கிறது. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சார் வீட்டுத் திண்ணையே போதுமாக இருந்தது. இரண்டு கிரேடு உண்டு: ஜெனரல், ரெஸ்ட்ரிக்டட். ஜெனரலுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் மோர்ஸ் (எழுத்துகளைக் குட்டை, நெட்டை ஓசைகளாக்கும் தந்தி மொழி) அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும், கால்சைன் (ரேடியோவில் ஒருவரை அடையாளம் காட்டும் குறி) வி.யு.2-இல் தொடங்கும். ரெஸ்ட்ரிக்டடுக்கு மோர்ஸ் இல்லை, அது வி.யு.3. நாங்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டோம். ரேடியோ பாடம் ஒரு பகுதி, சட்டதிட்டம் ஒரு பகுதி. பகுதிக்கு 40 சதவீதம், மொத்தத்தில் 50 வந்தால் பாஸ். கட்டணம் 100 ரூபாய்.

ஓம் விதி பையனுக்கு அப்போது பள்ளியில் வந்திருக்கவில்லை. அது 2024 மார்ச். பெங்களூரே தண்ணீர் லாரிக்குத் தவம் கிடந்த நேரம். சார் மொட்டை மாடித் தொட்டியைக் காட்டினார். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அது வோல்ட், குழாயில் ஓடுகிற தண்ணீர் ஆம்பியர், குழாய் எவ்வளவு ஒடுக்கமோ அது ஓம். "தொட்டியே காலியா இருந்தா?" என்று கேட்டான் இவன். பேட்டரி தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம் என்றார் சார். அன்று எங்கள் வீட்டுத் தொட்டியும் அந்த நிலையில்தான் இருந்தது.

300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 7 மெகாஹெர்ட்ஸ் என்றால் 42 மீட்டர் சொச்சம், பேச்சுவழக்கில் 40 மீட்டர் பேண்ட். இந்த ஒரு கணக்கை வைத்தே பாதி பாடம் ஓடிவிடும். மீதி க்யூ கோட், அதாவது நீளச் சேதியை மூன்றெழுத்தில் சொல்லும் சுருக்கம். அதை நாங்கள் படித்தது அடுப்படியில். மிக்ஸி சத்தம் க்யூ.ஆர்.எம்., அதாவது மனிதன் உண்டாக்கும் இடைஞ்சல். இடி இடித்தால் க்யூ.ஆர்.என்., இயற்கையின் இடைஞ்சல். கூப்பிட்டவுடன் சாப்பிட வராமல் "க்யூ.ஆர்.எக்ஸ்." என்று கத்துவான், கொஞ்சம் பொறு என்று பொருள். இந்த ஒன்றைக் கற்றுக்கொடுத்ததற்கு சார் மேல் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

2024 செப்டம்பரில் எழுதினோம். அறையில் என் பையன்தான் சின்னவன், எங்களுக்கு முன் வரிசையில் இருந்தவருக்கு என் அப்பா வயது இருக்கும். இரண்டு பேரும் பாஸ். இவ்வளவுதான் பரீட்சை.

பாஸானால் கையில் வருவது சான்றிதழ் மட்டும். செட்டில் வாய் திறக்க லைசென்ஸ் தனி. அதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் 'சரள் சஞ்சார்' தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 20 வருடத்துக்கு 1,000 ரூபாய், ஆயுளுக்கு 2,000. இங்கேதான் நான் சறுக்கினேன், முழுக்க என் தப்பு. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் நான் எம். தமிழரசி. ஆதாரில் தமிழரசி மாணிக்கம். பான் கார்டில் மாணிக்கம் தமிழரசி. வாக்காளர் அட்டையில் கணவரின் இனிஷியல். பரீட்சைக்குப் பழக்கதோஷத்தில் எம். தமிழரசி என்று போட்டவள், லைசென்ஸுக்கு ஆதாரைப் பார்த்து நிரப்பினேன். பெயர் பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. பையனுக்குப் பள்ளியில் சேர்த்த நாளிலிருந்து எல்லாக் காகிதத்திலும் ஒரே பெயர். அவனுடையது நிற்காமல் போய்விட்டது.

அரை நாள் லீவு போட்டு கோர்ட் இருக்கும் மேயோ ஹால் பக்கம் போனேன். அங்கே டைப் அடித்துக் கொடுப்பவர் என் நான்கு அட்டைகளையும் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பிப் பார்த்தார். கன்னடமும் தமிழும் கலந்து, "தமிழ்க்காரங்களுக்கு இதே வேலை மேடம், வாரத்துக்கு பத்து பேரு வர்றாங்க" என்றார். வாசகம் அவர் கம்ப்யூட்டரில் தயாராக இருந்தது. பெயரை மட்டும் மாற்றினார். மேற்படி நான்கு பெயர்களும் ஒரே நபரைக் குறிப்பன என்று முத்திரைத்தாளில் நான் உறுதி கூறினேன். விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பரீட்சை ஃபாரத்திலேயே ஆதாரில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து போடுங்கள். இனிஷியலை ஒருவர் ஒரு மாதிரி விரிப்பார், ஒருவர் முன்னால் போடுவார், ஒருவர் பின்னால் தள்ளுவார். கம்ப்யூட்டருக்கு மூன்றும் மூன்று ஆள்.

அடுத்து போலீஸ் விசாரணை. ஒரு மாலை கான்ஸ்டபிள் வந்து நின்றார். கீழே ஹவுஸ் ஓனர் அம்மா அவரைப் பார்த்ததும் துளசிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டார். "வயர்லெஸ் வெக்கப் போறீங்களாமே?" என்று கேட்டவரிடம் சான்றிதழைக் காட்டினோம். தன் தோளில் தொங்கிய வாக்கி-டாக்கியைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். "இது பிடிக்குமா உன்னோடதுல?" இல்லை, எங்களுக்கு 144 முதல் 146 வரை, 434 முதல் 438 வரை என்று இவன் மெகாஹெர்ட்ஸ் கணக்காக ஒப்பிக்கத் தொடங்க, அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்கிப் போனார். ஓனர் அம்மாவைச் சமாதானப்படுத்தத்தான் நேரமானது.

பிறகு காத்திருப்பு. இதைத் தாங்கத் தெரியாதவர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள், நானே இரண்டு முறை விட்டேன். அந்த நாட்களில் வேலூரிலிருந்து அப்பா வந்தார். அதாவது என் இனிஷியலே நேரில் வந்து இறங்கியது. அப்பா தந்தி அலுவலகத்தில் இருந்தவர். 2013 ஜூலையில் நாட்டில் தந்தியையே மூடினார்களே, அன்று பகலெல்லாம் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பேரன் மோர்ஸ் கற்கலாமா என்று யோசிக்கிறான் என்றதும் கண் விரிந்தது. செல்போனில் பையன் 'டிட் டா' சத்தத்தை ஓடவிட்டான். அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார், இன்னொரு தரம் கேட்டார். "புரியலடா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகுதான் விளங்கியது. அவர் படித்த தந்திப் பெட்டியில் விசில் மாதிரி ஓசை கிடையாது. பித்தளை நெம்பு மேலும் கீழும் அடிக்கும் தட்டல்தான். ஒரு தட்டலுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியைக் கேட்டு எழுதிய காது அது. இழுத்து ஊதினால் அதற்குப் பிடிபடவில்லை. அப்பா ஒரு ஸ்பூனை எடுத்து எவர்சில்வர் டம்ளரில் தட்டிக் காட்டினார். ஒரு வாரம் அவர் தட்டினார், இவன் ஊதினான். இரண்டு பேரும் பாதி வழியில் சந்தித்துக்கொண்டார்கள். பையன் ஜெனரல் கிரேடு எழுதுவது என்று அப்போது முடிவானதுதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் டம்ளர் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, நல்ல மனிதர்கள்.

2025 ஏப்ரலில் பையனுக்குக் கால்சைன் வந்தது. எனக்கு ஜூனில். நடுவில் இரண்டு மாதம் அவன் பேச, நான் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். லைசென்ஸ் இல்லாதவள் மைக்கைத் தொடக்கூடாது என்று அவனே கறாராகச் சொல்லிவிட்டான்.

கைச்செட்டை முறையாக, லைசென்ஸ் நகலைக் கொடுத்து வாங்கினோம். அந்த மே மாதத்தில்தான் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணைய விற்பனைத் தளங்களில் அனுமதி விவரம் எதுவும் சொல்லாமல் வாக்கி-டாக்கி விற்பதைத் தடுக்க நெறிமுறை கொண்டுவந்தது. நல்லதுதான். பொம்மை வாங்குவது போல வாங்கிவிட்டு, யாருடைய அலைவரிசையில் பேசுகிறோம் என்று தெரியாமல் பேசுகிறவர்கள் நிறைய.

ஜூலையில் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்திலிருந்து நம் மாணவர்களோடு பேசியது ஹாம் ரேடியோவில்தான். அவர் குரல் எங்கள் செட்டில் விழவில்லை. பையன் விடவில்லை. நிலையத்தில் ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது, தரையிலிருந்து போகும் பேச்சை 437.800 மெகாஹெர்ட்ஸில் கீழே அனுப்பும். பையப்பனஹள்ளிப் பக்கம் ரயில் வரும்போது ஹாரன் கீச்சென்றும், தாண்டியதும் கட்டையாகவும் கேட்குமே, இங்கேயும் அதே கதை, நிலையம் நெருங்கும்போது அலைவரிசை கூடும், விலகும்போது குறையும். அதனால் 437.810-இல் தொடங்கி, நிலையம் தலைக்கு மேல் வரும்போது .800-க்கு இறங்கி, போகும்போது .790 வரை குறைக்க வேண்டும். மொத்தமே பத்து நிமிடம். மொட்டை மாடியில் கைச்செட்டைச் சாய்த்துப் பிடித்து மூன்று நாள் வெறும் இரைச்சல். நாலாம் நாள் இரைச்சல் சட்டென்று அடங்கியது. "யாங்கி பிராவோ..." என்று தன் நாட்டுக் கால்சைனின் ஒய், பி எழுத்துகளைச் சொல்லிக்கொண்டு யாரோ இந்தோனேசியக்காரர். அடுத்த நொடி இன்னொருவர். துணி எடுக்க மேலே வந்த ஓனர் அம்மா, "யாருடா அது?" என்றார். "இந்தோனேசியா பாட்டி, ஆகாசம் வழியா வருது." கொடியில் கை வைத்தபடி அப்படியே நின்றார்.

அன்றைக்குப் பிறகுதான் மாடியில் ஆன்டெனா கம்பி கட்ட அனுமதி கிடைத்தது. இடி வந்தால் கழற்றிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அது எங்களுக்கும் சரிதான். கேபிளைச் செட்டில் குத்தியபடி விட்டுவிட்டு இடி மழையில் தூங்குகிறவர் ஹாம் இல்லை. எஸ்.பி. ரோட்டில் செம்புக் கம்பி, கோஆக்ஸ் கேபிள், கனெக்டர். பழைய செட் ஒன்றை இன்னொரு ஹாமிடமிருந்து 45,000 ரூபாய்க்கு வாங்கினோம். வீட்டில் பெரிய செலவு இது ஒன்றுதான். "நல்ல நேரத்துல வந்திருக்கீங்க, சூரியன் உச்சத்துல இருக்கான், தூரத்து ஊரெல்லாம் வரும்" என்றார் சார். சூரியன் தன் 11 ஆண்டுச் சுற்றின் உச்சத்தை எட்டியதாக 2024 அக்டோபரிலேயே நாசா அறிவித்திருந்தது.

40 மீட்டருக்கு இருமுனைக் கம்பி நீளம், 468-ஐ 7.1 மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் 66 அடி. ஆளுக்கொரு பக்கம் 33. சார் 35 வெட்டச் சொன்னார். "உங்க கம்பெனி கட்டிங் மாஸ்டர் என்ன சொல்வார்? வெட்டிக் குறைக்கலாம், ஒட்ட முடியாது." நடுவைக் குழாய்க் கம்பத்தில் தூக்கி, இரண்டு நுனிகளையும் கைப்பிடிச் சுவரில் நைலான் கயிற்றால் இழுத்தோம். கம்பி செட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் 2.6, ஒன்றை நெருங்க நெருங்க நல்லது. இறக்கினோம், இருபுறமும் அரை அடி நறுக்கினோம், ஏற்றினோம். 1.9. மறுபடி. ஐந்தாவது தடவை 1.3. என் உள்ளங்கையில் கயிறு அறுத்த கோடு ஒரு வாரம் இருந்தது.

மறுநாள் காலை பையன் கூப்பிட்டான். ஒன்றுமில்லை. இன்னொரு முறை. தூத்துக்குடியிலிருந்து ஒருவர், "வி.யு.3, கடைசி எழுத்து திருப்பிச் சொல்லுங்க தம்பி" என்றார். குரல் ஏறி இறங்கியது, க்யூ கோடில் அது க்யூ.எஸ்.பி. தெளிவுக்கு ஐந்து, வலுவுக்கு ஏழு என்று ரிப்போர்ட் கொடுத்தார். அப்புறம் நான். அடுத்த பேச்சுக்கு எனக்கு ஒன்றும் வரவில்லை. அங்கே மழையா என்று கேட்டேன். இல்லை, வெயில் என்றார்.

லாக் புக்கில் பையன் 6:40 என்று எழுதினான். சாயங்காலம் சார் பார்த்துவிட்டு, உலக நேரத்தில் எழுதணும், ஐந்தரை மணி நேரம் கழி என்றார். முதல் வரியே அடித்துத் திருத்திய வரி. 01:10.